'பாரதி கண்ணம்மா' தொடரில் கண்ணம்மா கடைசியில் பாரதியை மன்னித்துச் சேர்ந்தது சரியா?

சேர்ந்ததில் எனக்குக் குறை இல்லை. எதை வைத்துச் சேர்ந்தார்கள் என்பதில்தான் இன்றுவரை மனம் ஆறவில்லை.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விஜய் டிவியில் 2019 பிப்ரவரியில் தொடங்கி 2023 பிப்ரவரி வரை ஓடிய தொடர். மலையாளத்தில் 'கறுத்தமுத்து', தெலுங்கில் 'கார்த்திகதீபம்' என்று ஏற்கெனவே வந்த கதைதான். மாற்றாந்தாயிடம் வளர்ந்து, கறுப்பு நிறத்துக்காகவே பேச்சு வாங்கிய கண்ணம்மாவை டாக்டர் பாரதி விரும்பிக் கட்டுகிறான். அவன் மேல் ஆசை வைத்திருந்த வெண்பாவும் டாக்டர். பாரதிக்குக் குழந்தை பிறக்க வழியே இல்லை என்று ஒரு பொய் ரிப்போர்ட் அவன் கைக்கு வருகிறது. கண்ணம்மா உண்டாகிறாள். குழந்தை யாருடையது என்று கேட்கிறான். அவள் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டு இறங்கி நடக்கிறாள். பிறந்தது இரட்டைப் பெண் குழந்தைகள். லட்சுமி அம்மாவிடம் வளர்கிறாள். ஹேமா, மாமியார் சௌந்தர்யா மூலமாக, தன் மகள் என்று தெரியாத பாரதியிடமே வளர்கிறாள்.

2020 இல் கண்ணம்மாவின் அந்த நடையை ஊரே மீம் போட்டுச் சிரித்தது. அப்போது நான் வேலையை வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று மானாமதுரைக்கு வந்திருந்தேன். தினமும் பெரியம்மாவோடு உட்கார்ந்துதான் பார்ப்பேன். நாலு நாள், அஞ்சு நாள் என்று அவள் நடந்துகொண்டே இருந்தபோது பெரியம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருநாள் விளம்பர இடைவேளையில், "பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நானும் இப்பிடித்தான் நடந்தேன். இடுப்புல உங்க அண்ணன்" என்றார். பெரியப்பா சந்தேகக்காரர் என்று அரைகுறையாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். பெரியம்மா வாயால் கேட்டது அன்றுதான்.

எல்லாரும் வெண்பாவைத் திட்டுகிறார்கள். திட்ட வேண்டியவள்தான். ஆனால் அவள் கொடுத்தது ஒரு காகிதம். கட்டிய மனைவியைவிடக் காகிதத்தைப் பெரிதாக நம்பியவன் பாரதி. அதுவும் அவன் டாக்டர். விந்துப் பரிசோதனை முடிவு ஒரே ஆளுக்கே தடவைக்குத் தடவை மாறும். இரண்டு முதல் ஏழு நாள் விந்து வெளியேறாமல் இருந்துவிட்டு மாதிரி கொடுக்கச் சொல்வார்கள். முடிவு சரியில்லை என்றால் சில வாரம் கழித்து இன்னொரு தடவை எடுக்காமல் எந்த மருத்துவரும் முடிவு சொல்ல மாட்டார். இதெல்லாம் தெரிந்த ஒருவன் இன்னொரு ஆய்வகத்துக்குப் போகவே இல்லை. அவனுக்கு உள்ளுக்குள் சந்தேகம் முன்பே இருந்தது, ரிப்போர்ட் அதற்குத் துணைக்கு வந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பொறாமை என்றால் வெண்பாவின் முகத்தில் தெரிவதை மட்டும் சொல்கிறோம். கணவனிடம் இருந்தால் அதற்கு 'ரோஷம்' என்று பெயர் வைத்து விட்டுவிடுகிறோம்.

"ஒரு டிஎன்ஏ டெஸ்ட் எடுத்தா முடிஞ்சது, ஏன் இழுக்கிறீங்க?" என்று அப்போது எல்லோரும் கேட்டார்கள். இழுத்ததற்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும். முடிச்சு அவிழ்ந்தால் தொடருக்கு வேலை இல்லை. எனக்கு அந்தக் கேள்வியே வலித்தது. டெஸ்ட் எடுக்க வேண்டிய நிலைமைக்கு ஒரு பெண்ணை, இரண்டு குழந்தைகளைக் கொண்டுவந்ததில் தப்பே இல்லையா? தொடர் முடிந்த அதே 2023 பிப்ரவரியில், விவாகரத்து வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் படித்தேன்: மனைவி மேலுள்ள சந்தேகத்தை நிரூபிக்கும் குறுக்கு வழியாகக் குழந்தைக்கு டிஎன்ஏ பரிசோதனை நடத்த எடுத்த எடுப்பில் உத்தரவிடக் கூடாது. தாய் தகப்பன் சண்டையில் குழந்தையின் பிறப்பை நடுத்தெருவில் வைக்கக் கூடாது என்ற அக்கறை அதில் இருந்தது. தொடரில் அந்த அக்கறை கடைசிவரை வரவில்லை. பரிசோதனை முடிவு வந்தது, பாரதி அழுதான். கண்ணம்மா உடனே சேர்ந்துவிடவில்லை, அவனைப் பின்னால் அலையவிட்டாள் என்பது ஒன்றுதான் எனக்கு ஆறுதல். பெரியம்மா அன்று சொன்னதை மறக்க முடியாது: "இத்தன வருசமும் காகிதத்தத்தான் கேட்டானே ஒழிய, அவள ஒரு வார்த்தை கேட்டானாடி?"

உண்மையான சமாதானம் இந்தத் தொடரில் வேறு இடத்தில் நடந்தது. ஆரம்பத்தில் சௌந்தர்யாவுக்குக் கறுப்பு என்றாலே ஆகாது. மருமகள் முகத்தையே பார்க்கப் பிடிக்காதவர். அப்படிப்பட்டவர், கூட இருந்து அந்தப் பெண் எப்படிப்பட்டவள் என்று பார்த்துப் பார்த்து மாறினார். பெற்ற மகனே எதிரில் நின்று பழி சொன்னபோதும் மருமகள் பக்கம் நின்றார். யாரும் அவருக்கு ரிப்போர்ட் காட்டவில்லை. குழந்தையைத் தாயிடம் சொல்லாமல் அத்தனை வருஷம் மறைத்தது பெரிய தப்பு, அதை நான் ஏற்கவில்லை. ஆனாலும் ரூபா ஸ்ரீ அந்த அம்மாவாக நடித்த விதத்தில், தன் பழைய வெறுப்புக்காகக் கூசுகிற ஒரு மனுஷியை நான் பார்த்தேன்.

பெரியம்மாவுக்கும் அப்படித்தான் நடந்திருக்கிறது. பிறந்த வீட்டில் எட்டு மாதம் இருந்தாராம். பெரியப்பா வரவில்லை. பஞ்சாயத்துப் பேச வந்தவர்கள் எல்லாம் "பொம்பளதான் விட்டுக்குடுக்கணும்" என்றார்கள். கடைசியில் மாமியார் தனியாகப் பஸ் ஏறி வந்திருக்கிறார். திண்ணையில் உட்கார்ந்து, "எம் மகன் பேசுனது தப்பு. நீ வரலேன்னா நானும் இங்கயே இருந்துக்கிறேன்" என்று மூன்று நாள் அங்கேயே தங்கிவிட்டாராம். பெரியம்மா கிளம்பியது அவருக்காகத்தான். பெரியப்பா சாகும்வரை அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

கடைசி வாரம் வீட்டில் எல்லோரும் கண்ணம்மா என்ன சொல்வாள் என்று டிவியையே பார்த்துக்கொண்டிருந்தோம். பெரியம்மா மட்டும், "சௌந்தர்யா எங்கடி? அந்தம்மாவக் காட்டவே மாட்டேங்குறானே" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.