பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்துக்கு அரசு நிதி கிடைக்குமா?

கேள்வி: சென்னைப் புறநகரில் உள்ள மறுகுடியமர்வுக் குடியிருப்பு ஒன்றில், பெண்கள் சிலர் சேர்ந்து வாடகை வீட்டில் 22 குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிறோம். தாய்மார்கள் வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் செல்பவர்கள். மாதம் 400 ரூபாய் வாங்குகிறோம். அதுவும் எல்லோராலும் தர முடிவதில்லை. எங்களுக்கு அரசு நிதி கிடைக்குமா? யாரிடம் விண்ணப்பிப்பது?

பதில்: நிதி இருக்கிறது, ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் வழியில் அது இப்போது வருவதில்லை. 2006இல் தொடங்கிய ராஜீவ் காந்தி தேசியக் குழந்தைகள் காப்பகத் திட்டத்தின்போது, மத்திய சமூக நல வாரியம் போன்ற அமைப்புகளின் வழியாகத் தொண்டு நிறுவனங்கள் மானியம் பெற்றுக் காப்பகம் நடத்தின. 2017 ஜனவரி முதல் அத்திட்டம் மாநில அரசுகளிடம் மாற்றப்பட்டது. செலவில் மத்திய அரசு 60 விழுக்காடும் மாநில அரசு 30 விழுக்காடும் ஏற்க, எஞ்சிய 10 விழுக்காட்டை நடத்தும் நிறுவனமே போட வேண்டியிருந்தது. 2022 ஏப்ரலில் அதுவும் பெண்களுக்கான மத்திய அரசுத் திட்டமான ‘மிஷன் சக்தி’க்குள் ‘பால்னா’ என்ற பெயரில் மறுவடிவம் பெற்றது. இப்போது பங்கீடு மத்திய அரசு 60, மாநில அரசு 40.

பால்னாவின் மையக்கரு அங்கன்வாடியுடன் இணைந்த காப்பகம். 15ஆவது நிதிக்குழுக் காலத்துக்குள் (2025-26 வரை) நாடு முழுவதும் 17,000 மையங்களை அமைப்பது இலக்காக வைக்கப்பட்டது. எந்தெந்த மையங்கள் வேண்டும் என்று மாநில அரசு கருத்துரு அனுப்ப, மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் ஒப்புதல் தருகிறது. ஆகவே, “எங்கள் சங்கத்துக்கு மானியம் தாருங்கள்” என்று கேட்பதைவிட, “எங்கள் குடியிருப்பின் அங்கன்வாடியைக் காப்பகத்துடன் கூடிய மையமாக மாற்றுங்கள்” என்று கேட்பதே பலன் தரும் என்பது என் கருத்து. அப்படி மாறும் மையத்தில், ஏற்கெனவே உள்ள பணியாளருடனும் உதவியாளருடனும், காப்பகத்துக்கென்றே ஒரு பணியாளரும் ஓர் உதவியாளரும் சேர்க்கப்படுவர். ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளுக்கு உறங்க இடம், இணை உணவு, வளர்ச்சிக் கண்காணிப்பு, தடுப்பூசி, முன்பருவக் கல்வி ஆகிய யாவும் ஒரே கூரையின் கீழ் அமையும். தாய் வேலைக்குச் செல்பவராக இருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையும் இப்போது இல்லை. உங்கள் குழுவினர் அந்தப் பணியிடங்களுக்கு விண்ணப்பிக்கலாம். தேர்வு அரசு விதிப்படிதான் நடக்கும் என்பதால், அவர்களுக்கே வேலை கிடைக்கும் என்று இப்போதே யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

மனுவை, அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகளின் உங்கள் பகுதிக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலருக்கு எழுதி, மாவட்டத் திட்ட அலுவலருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் நகல் அனுப்புங்கள். அதில் உருக்கமான வரிகளைவிட ஒரு பட்டியல்தான் வேலை செய்யும்: குழந்தையின் பெயர், மாதக் கணக்கில் வயது, தாயின் வேலை, அவர் வீட்டைவிட்டுக் கிளம்பும் நேரம், திரும்பும் நேரம். அங்கன்வாடி பூட்டியிருக்கும் எந்தெந்த மணி நேரங்களில் எத்தனை குழந்தைகள் ஆதரவின்றி இருப்பார்கள் என்பது அந்தக் கடைசி இரண்டு கட்டங்களில் தெரிந்துவிடும். கருத்துரு எழுதும் அலுவலருக்குத் தேவைப்படுவதும் அதுவே. தேவையைக் காட்டுவதற்கு 2017 நெறிமுறையின் அளவையும் மேற்கோள் காட்டலாம்: காப்பகம் ஒன்றுக்கு 25 குழந்தைகள், மாதம் 26 நாள், நாளொன்றுக்கு ஏழரை மணி நேரம். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்திடம் மாதம் 20 ரூபாயும், பெற்றோரின் மாத வருமானம் 12,000 ரூபாய் வரை இருந்தால் 100 ரூபாயும், அதற்கு மேல் 200 ரூபாயும் வாங்கலாம் என்று அது வகுத்திருந்தது. நீங்கள் வாங்கும் 400 ரூபாயை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பொது நிதி இல்லாத இடத்தில் சுமை யார் தலையில் விழுகிறது என்பதை விளக்கத் தனி வாதம் தேவையில்லை.

இதற்குக் காலம் பிடிக்கும். ஒப்புதல் பெற்ற மையங்களில் 2025 தொடக்கம் வரை இயங்கத் தொடங்கியவை சிறு பகுதியே. காத்திருக்கும் நாட்களில் முதலில் செய்ய வேண்டியது, 22 குழந்தைகளின் பெயரும் அங்கன்வாடிப் பதிவேட்டில் இருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தால் சத்துமாவும் எடைக் கண்காணிப்பும் அவர்களுக்கு உரிமையாகவே கிடைக்கும், உங்கள் உணவுச் செலவும் சற்றுக் குறையும்.

கட்டடம், கழிப்பறை போன்ற ஒருமுறைச் செலவுகளுக்குச் சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியும், மக்கள் பங்களிப்புடன் நடக்கும் ‘நமக்கு நாமே’ திட்டமும் உண்டு. ஆனால் அவற்றால் உருவாகும் சொத்து பொதுச் சொத்தாக இருக்க வேண்டும். வாடகை வீட்டைப் பழுதுபார்க்க அந்தப் பணம் வராது.

சம்பளம், வாடகை, பால் ஆகிய மாதாந்தரச் செலவுகளுக்கு நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியை (சிஎஸ்ஆர்) நாடலாம். அதற்குப் பெண்கள் குழு என்ற நிலை போதாது. ஏழு பேர் சேர்ந்தால் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ்ச் சங்கமாகப் பதியலாம். பின்னர் வருமான வரித் துறைப் பதிவுகளும், நிறுவன விவகார அமைச்சகத்தின் சிஎஸ்ஆர்-1 பதிவும் வேண்டும். மூன்றாண்டு செயல்பாட்டுச் சான்றும் கேட்பார்கள் என்பதால், பதிவை இந்த ஆண்டே முடித்து, சங்கத்தின் பெயரில் தனி வங்கிக் கணக்கு தொடங்கி, பால் ரசீது முதல் வாடகை ரசீது வரை அந்தக் கணக்கோடு ஒத்துப்போகும்படி வைத்திருங்கள்.

அலுவலகத்தில் மனுவைக் கொடுக்கும்போது நகலில் முத்திரையும் தேதியும் பெற்றுக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்தில் பதில் வராவிட்டால், ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் அந்த நகலை இணைத்து மீண்டும் மனு கொடுக்கலாம். மாவட்டத்திலிருந்து அனுப்பப்பட்ட பால்னா கருத்துருக்களில் உங்கள் பகுதி இடம்பெற்றிருக்கிறதா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் கேட்கலாம்.