நான்காவது தவணை

கேள்வி: திருமணமாகி மூன்றாண்டுகள் ஆகின்றன. நத்தம் சாலையில் ஊமச்சிகுளத்துக்கு அப்பால் புதிய குடியிருப்பில் வீடு வாங்கியிருக்கிறோம். சிம்மக்கல்லில் பார்த்த வேலையைத் தூரம் என்று விட்டுவிட்ட என் மனைவி, பிறர் வீட்டு அலங்காரக் காணொலிகளைப் பார்த்துவிட்டு சோபாவை மாற்று, மாடுலர் சமையலறை போடு என்கிறாள். வீட்டுக்கடன், கார்க்கடன், திருமணத்துக்கு வாங்கிய தனிநபர் கடன் என மூன்று தவணைகள் ஓடுகின்றன. கனவுலகில் வாழ்பவளுக்கு எப்படிப் புரியவைப்பது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மதுரை.

பதில்: தெப்பக்குளக் கரையில் ட்ரோனைப் பறக்கவிட்டுப் படமெடுத்ததும், ஒரே இரவுக்கு மண்டப மேடையைப் பூவால் மூடியதும் அந்தத் தனிநபர் கடனில்தான் என்று கடிதத்தின் பின்பகுதியில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். குடும்ப வாழ்க்கை இப்படித்தான் பளபளக்கும் என்று காசு கொடுத்துக் காட்டியதில் உங்களுக்கும் பங்கு உண்டு. துணைவியார் அதன் அடுத்த காட்சியைக் கேட்கிறார், அவ்வளவே.

2023-இல் திறந்த 7.3 கிலோமீட்டர் மேம்பாலம் உங்களைக் காலையில் சீக்கிரமாக அலுவலகத்தில் சேர்த்துவிடுகிறது. அதன்பின் நீங்கள் திரும்பும் இரவு ஒன்பது மணி வரை, பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும் தெருவில், பேச்சுத்துணைக்கு ஆளின்றி அவருக்கு இருப்பது கைப்பேசி ஒன்றுதான். காலையில் வேலைக்குக் கிளம்பி, மாலையில் தோழிகளோடு விளக்குத்தூண் பக்கம் துணிக்கடை ஏறி இறங்கி, எதுவும் வாங்காமலேயே நிறைவாக வீடு திரும்பியவராகக்கூட அவர் இருந்திருக்கலாம். சோபா கேட்பவரிடம் சோபாவின் விலையை மட்டும் பேசினால் சண்டைதான் மிஞ்சும்.

அதற்காக வாங்கிக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்ல வரவில்லை. 12 சதவீத ‘பிளாட்’ வட்டியில் ஒரு லட்சம் ரூபாயை மூன்றாண்டுத் தவணைக்கு எடுத்தால் வட்டி 36,000. மாதத் தவணை ஏறத்தாழ 3,778 ரூபாய். அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தாலும் முழுத் தொகைக்கும் கடைசிவரை வட்டி கட்டுவதால், உண்மையான வட்டி 21 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. இந்தக் கணக்கை அவருக்குப் பாடமாக நடத்தாமல், சம்பளச் சீட்டையும் மூன்று கடன் அட்டவணைகளையும் அவர் கையில் கொடுத்து, அடுத்த மாதச் செலவை அவரையே எழுதச் சொல்லுங்கள். உங்கள் கார் பெட்ரோலும் அந்தத் தாளில் வரட்டும்.

வேலைக்குத் திரும்ப அவருக்கு விருப்பமா என்றும் கேளுங்கள். விருப்பமென்றால், நான்காவது தவணை அவர் பெயரில் ஒரு ஸ்கூட்டருக்காக இருக்கட்டும். அதையும் குறையும் அசலுக்கு மட்டுமே வட்டி போடும் இடமாகப் பார்த்து வாங்குங்கள்.