மரக்காலை பில்லை வைத்து ஜேர்மனிக்குத் தளபாடம் அனுப்பலாமா?

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் தளபாடப் பட்டறை நடத்துகிறேன். ஜேர்மனியில் கடை வைத்திருப்பவர் தேக்கிலும் முதிரையிலும் மேசை, கதிரை கேட்கிறார். மரம் நின்ற காணியின் ஜீபிஎஸ் புள்ளி, தறித்த அனுமதி எல்லாம் வேண்டுமாம். என்னிடம் மரம் வாங்கிய மரக்காலையின் (மர விற்பனை நிலையத்தின்) பில் மட்டுமே உண்டு. போதாதா?

பதில்: போதாது. நீங்கள் காசு கொடுத்தீர்கள் என்பதற்குத்தான் பில் சாட்சி. மரம் எந்தக் காணியில் நின்றது, யார் அனுமதித்துத் தறித்தது என்பதை அது சொல்லாது.

கடைக்காரர் வீண் கெடுபிடி செய்யவில்லை. சட்டவிரோத மரத்தைச் சந்தைக்கு விட ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013 மார்ச் 3 முதலே தடை. அதற்குப் பதிலாக வரும் காடழிப்பு ஒழுங்குவிதி (2023/1115) மரத் தளபாடத்தையும் பிடிக்கிறது. அது அமுலாகும் நாள் இருமுறை பிற்போடப்பட்டு, பெரிய, நடுத்தர நிறுவனங்களுக்கு 2026 டிசெம்பர் 30 என்று இப்போது நிற்கிறது. மரம் எங்கிருந்து வந்தது என்ற அறிக்கையைத் தாக்கல் செய்வது இறக்குமதியாளரின் கடமை. ஆனால் அவர் எழுதவேண்டிய விபரம் உங்கள் கையில்தான் இருக்கிறது.

தேக்கு சமாளிக்கக் கூடியது. தனியார் காணி மரமென்றால் காணி உறுதியின் பிரதி, தறிக்கவும் ஏற்றவும் பெற்ற அனுமதிப்பத்திரங்கள், காணியின் அகலாங்கு நெட்டாங்கு (தசமத்தில் 6 இலக்கம்) ஆகியவற்றை வாங்குங்கள். 4 ஹெக்டேயருக்கு, அதாவது ஏறக்குறைய 10 ஏக்கருக்கு மேற்பட்ட காணிக்கு ஒரு புள்ளி காணாது, எல்லை முழுவதும் வேண்டும். 2020 டிசெம்பர் 31க்குப் பின் காடழித்து உண்டான காணி என்றால் எந்த அனுமதியும் உதவாது. அரச மரக் கூட்டுத்தாபனத்தில் வாங்கினால், எந்தத் தோட்டத்தில் தறித்தது என்று எழுத்தில் கேளுங்கள். இதையெல்லாம் அரியுமுன் செய்யவேண்டும். அரிந்த பலகை மற்றப் பலகையோடு கலந்துவிட்டால் மூலம் தெரியாத அந்தச் சில துண்டுகளே முழு ஏற்றுமதியையும் கெடுக்கும். குற்றியை அரிந்தால் பலகையாகத் தேறுவது பெரும்பாலும் பாதியளவுதான். பத்திரத்தில் 1 கனமீற்றர் குற்றி, உங்களிடம் 1 கனமீற்றர் பலகை என்றால் கேள்வி வரும்.

முதிரை காட்டு மரம், அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இலங்கையின் இயற்கைக் காடுகளில் 1990 முதல் மரம் தறிக்கத் தடை. சந்தைக்கு வரும் புது முதிரை எங்கிருந்து வருகிறது என்று திருகோணமலைக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை. பழைய வீடு இடிக்கையில் கழிவாகப் போகவிருந்த கதவு, வளை மரத்தில் மட்டும் செய்யுங்கள். முற்றிலும் அப்படிப்பட்ட மரத்தால் ஆன பொருளுக்கு 2023 ஒழுங்குவிதி பொருந்தாது. இடிக்குமுன் எடுத்த படமும் வீட்டுக்காரரின் கடிதமும் வைத்திருங்கள்.

லொறி உங்களுடையதா? அனுமதியில்லாத மரத்தோடு பிடிபட்டு வழக்கில் குற்றத்தீர்ப்பானால், வனக் கட்டளைச் சட்டத்தின் 40ஆம் பிரிவு வாகனத்தையும் பறிமுதல் செய்யவைக்கும். குற்றஞ்சாட்டப்படாத உரிமையாளரை விசாரிக்காமல் பறிக்கமுடியாது என்று 1987இல் மனவடு என்பவரின் வழக்கில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனாலும் குற்றத்தைத் தடுக்க எல்லா முன்னெச்சரிக்கையும் எடுத்ததை நீங்கள்தான் நீதவானிடம் நிரூபிக்கவேண்டும். சாரதிக்கு வாயால் சொன்னது போதாது, எழுத்தில் கட்டளை கொடுங்கள்.

கடைக்காரரின் ஒப்பந்தத்தில் ‘ஐரோப்பியச் சட்டம் அனைத்துக்கும் விற்பவரே பொறுப்பு’ என்றிருந்தால் ஒப்பமிடாதீர்கள். கொடுத்த ஆவணங்கள் உண்மையானவை என்பதற்கு மட்டும் பொறுப்பேற்று, அந்த ஆவணங்களின் பட்டியலை ஒப்பந்தத்தோடு இணையுங்கள்.