பல்கலை வளாகத்து ஆபத்தான மரங்கள்: கேள்வி பதில்

கேள்வி: சார், எங்கள் வளாகத்தில் ஆயிரக்கணக்கில் மரங்கள். மழைக்காலத்துக்குள் எல்லாவற்றையும் பார்த்து முடிக்க ஆள் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முதலில் ஆள் நடமாட்டத்தைப் பாருங்கள். பஸ் நிறுத்தம், கேன்டீன், ஹாஸ்டல் வாசல், வண்டி நிறுத்துமிடம் இவற்றை வரைபடத்தில் குறித்து, அங்குள்ள மரங்களை ஆகஸ்டிலேயே பார்த்துவிடுங்கள். அக்டோபரில் தொடங்கினால், வெட்ட அனுமதி வருவதற்குள் மழை வந்துவிடும். யாரும் போகாத மூலையில் ஒரு பட்டமரம் நின்றால் நிற்கட்டும். கிளியும் ஆந்தையும் அதில்தான் குடியிருக்கும்.

கேள்வி: அண்ணா, எங்கள் ஹாஸ்டல் எதிரே தூங்குமூஞ்சி மரம் ஒன்று சாய்ந்து நிற்கிறது. விழுந்துவிடுமா?

பதில்: தம்பி, சாய்வு பழையதா புதியதா என்று பாருங்கள். சாய்ந்த மரத்தின் உச்சி மேல்நோக்கி வளைந்து நிமிர்ந்திருந்தால், பல வருடமாக அப்படியே தாக்குப்பிடித்து நிற்கிறது என்று பொருள். சாய்ந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் மண் வெடித்தோ மேடுதட்டியோ, வேர் மேலே கிளம்பியோ இருந்தால் நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள். உடனே கயிறு கட்டி வழியை அடைத்துவிடுங்கள், எஸ்டேட் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: தாவரவியல் துறை முன்னால் உள்ள வேம்பில் பெரிய பொந்து. வெட்டச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. காப்பாற்ற வழி உண்டா?

பதில்: நிச்சயம் உண்டு மேடம். பொந்து விழுந்த மரமெல்லாம் விழும் மரம் இல்லை. தச்சர் வைத்திருக்கும் கொட்டாப்புளியால் (மரச்சுத்தியால்) அடிமரத்தைச் சுற்றி ஒவ்வொரு சாணுக்கும் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடத்தில் கெட்டியாக ஒலிக்கும், உளுத்த இடத்தில் ‘தொப்’பென்று அமுங்கும். அந்த இடத்தில் மெல்லிய கம்பியை நுழைத்து, எவ்வளவு ஆழம் போகிறது என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பொந்தைச் சுற்றி உளுக்காமல் இருக்கும் பகுதியின் தடிமன், அடிமரத்தின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்காவது இருந்தால் அடிமரம் பெரும்பாலும் தாங்கும். ஒரு பக்கம் திறந்த பொந்து என்றால் இந்தக் கணக்குப் போதாது, கருவி வைத்துப் பார்ப்பவரை அழைக்க வேண்டும். எனக்கு இதைவிடக் கவலை, தூரில் தட்டுத் தட்டாக முளைக்கும் காளான். மேலே இலை பச்சையாக இருக்கும்போதே கீழே வேர் அழுகிக்கொண்டிருக்கலாம். பொந்துக்குள் சிமென்ட் மட்டும் போடாதீர்கள். அழுகல் நிற்காது, ஈரம் உள்ளேயே தங்கும்.

கேள்வி: மழைக்கு முன்னால் எல்லா மரத்தையும் உச்சியில் மொட்டையடிக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: கூடவே கூடாது. வெட்டிய இடத்தில் அழுகல் பிடிக்கும். அங்கே கொத்தாகத் துளிர்க்கும் கிளைகளுக்கு மரத்தோடு பிடிப்பு இருக்காது, சில வருடத்தில் அவையே ஒடிந்து விழும். பட்ட கிளை, விரிசல் விட்ட கிளை இவற்றை மட்டும் எடுங்கள். ஒரே தடவையில் பச்சையில் கால்பங்குக்கு மேல் கைவைக்க வேண்டாம். பெரிய கிளையென்றால் முதல் வெட்டு அடியிலிருந்து, அதற்குச் சற்று வெளியே இரண்டாவது வெட்டு மேலிருந்து. பாரம் போனபின், தண்டோடு சேரும் புடைப்பைக் காயப்படுத்தாமல் மூன்றாவது. இல்லையென்றால் பட்டை உரிந்து தண்டுவரை கிழியும்.

கேள்வி: 2016 வர்தா புயலில் மயில்கொன்றை (குல்மோகர்) மரம்தானே அதிகம் விழுந்தது? அந்த இனத்தையே அகற்றிவிட்டால் என்ன?

பதில்: மயில்கொன்றை, இயல்வாகை இரண்டும் எளிதில் ஒடியும், வேரும் மேலோட்டம். பஸ் நிறுத்தத்தருகே இனிமேல் நடாதீர்கள், புங்கம் வையுங்கள். ஆனால் விழுந்த மரத்தின் தூரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒரு பக்கம் கேபிளுக்காக வேர் நேர்கோடாக அறுபட்டிருக்கும், மறுபக்கம் தண்டு வரைக்கும் கான்கிரீட். அப்படி நின்றால் ஆலமரமே சாயும். பள்ளம் தோண்டும் ஒப்பந்தத்திலேயே மரத்திலிருந்து எவ்வளவு தள்ளி என்று எழுதி வாங்குங்கள்.

கேள்வி: வெட்டியே ஆக வேண்டுமென்றால்?

பதில்: அரசு நிலமென்றால் மாவட்டப் பசுமைக் குழுவிடம் அனுமதி பெற வேண்டும். புகைப்படம், தட்டிப் பார்த்த அளவு, கீழே யார் நடமாடுகிறார்கள் என்ற குறிப்பு மூன்றையும் விண்ணப்பத்தோடு இணையுங்கள். அனுமதி வரும்வரை அடியிலுள்ள பெஞ்சையும் வண்டிகளையும் வேறிடத்துக்கு மாற்றுங்கள். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.