வணிக மேலாண்மை படிப்பது வீணா? எல்லாமே பொது அறிவுதானே?

கேள்வி கேட்டவர் சொல்லியிருப்பது இது: பள்ளி முடிக்கப்போகிறார், பல்கலைக்கழகத்தில் வணிக மேலாண்மை சேர நினைக்கிறார். "அதில் என்ன இருக்கிறது, எல்லாம் பொது அறிவு, வேறு இடம் கிடைக்காதவர்கள் படிப்பது" என்று சுற்றியிருப்பவர்கள் சொல்கிறார்களாம். தனக்குக் கணக்கு அவ்வளவாக வராது என்பதால் இது வசதியாக இருக்கும் என்றும் எழுதியிருக்கிறார்.

சேரலாம். ஆனால் அந்தக் கடைசிக் காரணத்துக்காகச் சேராதீர்கள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

"சுற்றியிருப்பவர்கள்" யார் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. பொறியியல் படித்த ஒரு அண்ணன் நிச்சயம் இருப்பார். எனக்கு அப்படி வாய்த்தவர் பெரியப்பா மகன். நான் மேலாண்மையில் சேர்ந்த செய்தி தெரிந்ததும், "சரி, எப்படியோ மேனேஜ் பண்ணிக்கோ" என்று சிரித்தார். இன்றுவரை பார்க்கும்போதெல்லாம் அதே வசனம்தான். அவரிடம் நேரில் சொல்லாத பதிலை இங்கே சொல்லிவிடுகிறேன். இந்தப் படிப்புக்கு அஸ்திவாரம் போட்டவர்களில் பாதிப்பேர் பொறியாளர்கள். தொழிலாளியின் வேலையைக் கடிகாரம் வைத்து அளந்து, 1911இல் அதை ஒரு முறையாக எழுதிவைத்த ஃபிரெடரிக் டெய்லர் இயந்திரப் பொறியாளர். 1916இல் நிர்வாகத்துக்கு 14 கொள்கைகள் வகுத்த ஹென்றி ஃபயோல் சுரங்கப் பொறியாளர். கட்டுமானம் முதல் மென்பொருள் வரை எல்லாத் திட்டங்களிலும், எந்த வேலை எப்போது தொடங்கி எப்போது முடியும் என்று பட்டைகளாகப் போடுகிறார்களே கான்ட் சார்ட், அதற்குப் பெயர் தந்த ஹென்றி கான்ட்டும் பொறியாளர்தான். அண்ணன் தினமும் அலுவலகத்தில் பயன்படுத்துவது எங்கள் பாடத்திட்டத்தில் உள்ள அட்டவணை. போகட்டும்.

இப்போது பொது அறிவு. எங்களுக்கு உற்பத்தி மேலாண்மை எடுத்த பேராசிரியர் ஒரு நாள் புத்தகத்தைத் திறக்காமல் ஒரு விளையாட்டை வைத்தார். பீர் கேம் என்று பெயர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜே ஃபாரெஸ்டர் குழுவினர் உருவாக்கியது, 1960களிலிருந்து உலகம் முழுக்க மேலாண்மை வகுப்புகளில் ஆடப்படுகிறது. ஓர் அணியில் நான்கு இடங்கள்: சில்லறைக் கடை, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், தொழிற்சாலை. கடைக்காரருக்கு மட்டும்தான் வாடிக்கையாளர் என்ன கேட்டார் என்று தெரியும். மற்றவர்களுக்குத் தெரிவது கீழே உள்ளவர் அனுப்பும் ஆர்டர் சீட்டு ஒன்றுதான். யாரும் யாருடனும் பேசக்கூடாது. போட்ட ஆர்டர் கைக்கு வரச் சில வாரம் ஆகும். சரக்கு தேங்கினால் ஒரு பங்கு செலவு, கேட்டவருக்குக் கொடுக்க முடியாமல் பாக்கி நின்றால் இரண்டு பங்கு. அணியின் மொத்தச் செலவைக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. இதில் படிக்க என்ன இருக்கிறது என்றுதான் எல்லோருக்கும் தோன்றியது.

நான் விநியோகஸ்தர். முதல் சில வாரம் தூக்கம் வரும் அளவுக்கு அமைதி. அப்புறம் மொத்த வியாபாரியிடமிருந்து வரும் ஆர்டர் கூடியது. நானும் கூட்டினேன். சரக்கு வந்து சேரவில்லை, ஆனால் அவர் இன்னும் கூட்டினார். பாக்கி ஏறிக்கொண்டே போனது. நான் பாக்கிக்கும் சேர்த்து, கொஞ்சம் கையிருப்புக்கும் சேர்த்துக் கேட்டேன். தொழிற்சாலையாக உட்கார்ந்திருந்த நண்பன் என்னை முறைக்க ஆரம்பித்தான். பிறகு ஒரு கட்டத்தில் கேட்டதெல்லாம் ஒன்றாக வந்து இறங்கியது. அந்த நேரம் பார்த்து மொத்த வியாபாரி பூஜ்யம் என்று எழுதிச் சீட்டை அனுப்பினான். அடுத்த வாரமும் பூஜ்யம். அதற்கடுத்த வாரமும். வைக்க இடமில்லாமல் சரக்கு.

ஆட்டம் முடிந்ததும் பேராசிரியர் ஒரு தாள் கொடுத்து, "வாடிக்கையாளர் வாராவாரம் எவ்வளவு வாங்கியிருப்பார் என்று வரைந்து காட்டுங்கள்" என்றார். கடைக்காரர்களைத் தவிர எல்லோரும் மலையும் பள்ளமுமாக வரைந்தோம். உண்மையான கோட்டை அவர் பலகையில் போட்டார். முதல் நான்கு வாரம் 4. ஐந்தாம் வாரத்திலிருந்து கடைசி வரை 8. அதோடு சரி. ஒரே ஒரு படி ஏறிய நேர்க்கோட்டை வைத்துக்கொண்டுதான் நாங்கள் அத்தனை ரகளை செய்திருந்தோம்.

நீ மோசமாக ஆடினாய், அதை ஏன் படிப்பின் பெருமையாகச் சொல்கிறாய் என்று யாராவது கேட்பார்கள் என்று தெரியும். நான் போட்ட ஆர்டர்களில் இன்றைக்கும் தப்புச் சொல்ல மாட்டேன். என் கையில் இருந்த தகவலுக்குப் பொது அறிவு உள்ள யாரும் அதைத்தான் செய்வார்கள். விஷயமே அதுதான். இதே விளையாட்டை ஆராய்ந்து ஜான் ஸ்டெர்மன் என்ற பேராசிரியர் 1989இல் வெளியிட்ட ஆய்வில், சராசரி அணிக்கு ஆன செலவு, சரியாக ஆடியிருந்தால் ஆகியிருக்கும் செலவைப்போல் ஏறக்குறைய 10 மடங்கு. ஆடியவர்கள் முட்டாள்கள் அல்ல. தகவல் மறைந்து, சரக்கு தாமதமாகும் ஓர் அமைப்பில் நான்கு பேரும் அவரவர் இடத்தில் நியாயமாக நடந்துகொண்டாலே மொத்தமும் நாசமாகிவிடும். இதைப் புல்விப் எஃபெக்ட் என்கிறார்கள். கைப்பிடியில் லேசாக அசைத்தால் சாட்டை நுனி எப்படித் துள்ளுமோ அப்படி. பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் இதைக் குழந்தைகளின் டயப்பர் வியாபாரத்தில் கண்டது. குழந்தைகள் என்னவோ சீராகத்தான் பயன்படுத்துகிறார்கள், ஆனால் விநியோகஸ்தர்களிடமிருந்து வந்த ஆர்டர் தாறுமாறாக ஏறி இறங்கியது. அலுவலகத்தில் இதே கூத்து நடக்கும்போது ஆளைத் திட்டாமல், கடையின் விற்பனைக் கணக்கு தொழிற்சாலைக்குத் தெரிகிறதா என்று கேட்கும் பழக்கம் எனக்கு அந்த வகுப்பில் வந்தது. வேறெங்கும் வந்திருக்காது.

அடுத்து, "ஸ்டீவ் ஜாப்ஸ் கல்லூரியைப் பாதியில் விட்டவர் தெரியுமா" என்று ஒருவர் வருவார். தெரியும். அவர் 1998இல் ஆப்பிளுக்கு யாரை அழைத்து வந்தார் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். டிம் குக். பொறியியல் படித்துவிட்டு, டியூக் பல்கலைக்கழகத்தில் எம்பிஏ முடித்தவர். அவருக்குக் கொடுத்த வேலை, மேலே சொன்ன தலைவலியைத் தீர்ப்பது. வாரக் கணக்கில் கிடங்கில் தூங்கிய சரக்கை நாள் கணக்குக்குக் கொண்டுவந்தார். மேலாண்மை படித்தால்தான் தொழில் செய்ய முடியும் என்று நான் சொல்லவில்லை. சொன்னதாக எடுத்துக்கொண்டு சண்டைக்கு வராதீர்கள்.

இந்தப் படிப்பில் குப்பையே இல்லையா என்றால், இருக்கிறது, நிறையவே. ஸ்வாட் பகுப்பாய்வு என்று பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என நான்கு கட்டம் போட்டு, பலம் என்ற கட்டத்தில் "திறமையான பணியாளர்கள்" என்று எழுதுவது. எந்த நிறுவனத்துக்கு வேண்டுமானாலும் அதை ஒட்டலாம். மனிதத் தேவைகளைப் படிப்படியாக அடுக்கிக் காட்டும் மாஸ்லோவின் பிரமிடு என்று எல்லாரும் மனப்பாடம் செய்யும் படம் இருக்கிறதே, 1943இல் அவர் எழுதிய கட்டுரையில் அப்படி ஒரு பிரமிடே கிடையாது. பின்னால் வந்தவர்கள் வரைந்தது. ஃபயோலின் 14 கொள்கைகளை வரிசை மாறாமல் எழுதினால் முழு மதிப்பெண், ஒன்றையாவது கேள்வி கேட்டால் பாதி. குரூப் புராஜெக்ட் பற்றிப் பேசவே வேண்டாம். ஒருவர் செய்வார், ஒருவர் ஸ்லைடுக்கு நிறம் மாற்றுவார், மீதிப்பேர் பிரசென்டேஷன் அன்று நல்ல உடையில் வருவார்கள். இந்தக் குறையெல்லாம் நான் கண்டுபிடித்ததும் இல்லை. அமெரிக்காவில் 1959லேயே ஃபோர்டு, கார்னெகி அறக்கட்டளைகள் ஆளுக்கொரு அறிக்கை போட்டு, வணிகப் படிப்புகளின் தரம் போதாது என்று வெளுத்தன. அதற்குப் பிறகுதான் புள்ளியியலும் பொருளாதாரமும் உளவியலும் இந்தப் படிப்பில் வலுவாக உள்ளே வந்தன.

இடையில் ஒன்றைக் கொட்டிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை. நான் வேலை பார்க்கும் இடத்தில் ஆண்டு மதிப்பீடு நடக்கிறது. எங்கள் பிரிவில் இருப்பதே ஒரு மேசையைச் சுற்றி உட்காரக்கூடிய அளவு ஆட்கள். ஆனாலும் மேலே 20 சதவீதம், நடுவில் 70, அடியில் 10 என்று பிரித்தே ஆக வேண்டும். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் தலைவராக இருந்த ஜாக் வெல்ச் அங்கே வைத்திருந்த முறை அது. மைக்ரோசாஃப்டே இப்படித் தரவரிசை போடும் பழக்கத்தை 2013இல் தூக்கி எறிந்துவிட்டது. பெரும்பாலோர் நடுவிலும் சிலர் மட்டும் இரு ஓரங்களிலும் இருப்பதைக் காட்டும் மணி வடிவ வளைவு பெரிய எண்ணிக்கைக்குத்தான் பேசும், விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களிடம் அதைத் தேடக்கூடாது என்று புள்ளியியலின் முதல் பருவத்திலேயே சொல்லித் தருகிறார்கள். இதை ஒரு கூட்டத்தில் சொன்னேன். "நல்ல பாயிண்ட்" என்றார்கள். அந்த ஆண்டு என்னை எந்தக் கட்டத்தில் போட்டார்கள் என்று சொல்லப்போவதில்லை. போட்டவரும் மேலாண்மை படித்தவர்தான் என்பது கூடுதல் எரிச்சல்.

சரி, உங்கள் கணக்கு விஷயம். கணக்கைத் தவிர்க்க இங்கே வந்தால், இந்தப் படிப்பின் உருப்படியான பாதியைத் தவிர்த்துவிட்டு, நான்கு கட்டம் போடும் பாதியை மட்டும் படித்து வெளியே போவீர்கள். பிறகு "எல்லாம் பொது அறிவு" என்று நீங்களே எழுதுவீர்கள். பயப்படும் அளவுக்கும் எதுவும் இல்லை. சதவீதம், எளிய சமன்பாடு, நிகழ்தகவு, கொஞ்சம் புள்ளியியல். தேவைப்படுவது பொறுமை.

ஓர் உதாரணம் தருகிறேன், இதுதான் நிதிப் பாடத்தின் முதல் அதிர்ச்சி. 100க்கு வாங்கிய பொருளை 130க்கு விற்கிறீர்கள். லாபம் 30. ஆனால் வாங்கியவர் 60 நாள் கழித்துத்தான் பணம் தருவார், உங்களுக்குச் சரக்குக் கொடுத்தவருக்கு 30 நாளில் கட்ட வேண்டும். வியாபாரம் வளர வளர அந்த இடைவெளிக்குக் கையிலிருந்து போட வேண்டிய தொகையும் வளரும். லாபக் கணக்கு அழகாக இருக்கும்போதே சம்பளம் கொடுக்கப் பணமில்லாமல் கம்பெனி மூடலாம். இந்தக் கணக்கில் கழித்தலைத் தாண்டி எதுவும் இல்லை. ஆனாலும் உட்கார்ந்து போட்டுப் பார்க்காதவருக்கு இது தோன்றாது.

விண்ணப்பிக்கும் முன் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தை இறக்கிப் பாருங்கள். புள்ளியியல், செலவுக் கணக்கியல், உற்பத்தி மேலாண்மை மூன்றும் கட்டாயப் பாடமாக இருந்தால் தைரியமாகச் சேருங்கள். மூன்றும் விருப்பப்பாடப் பட்டியலில் ஒளிந்திருந்து, "தலைமைப் பண்பு" மட்டும் எல்லாப் பருவத்திலும் தலைகாட்டினால் வேறு பல்கலைக்கழகம் பாருங்கள்.