பட்டாலையில் பாய் விரித்து: யோகா கேள்வி பதில்

காரைக்குடியில் பல வருடமாக யோகா சொல்லிக்கொடுக்கிறேன். புதிதாகத் தொடங்க நினைப்பவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில்.

ஆச்சி, யோகா என்றால் உடற்பயிற்சிதானே? (கல்லூரி மாணவி, காரைக்குடி)

உடற்பயிற்சி அதில் ஒரு பங்குதான் அம்மா. ‘யுஜ்’ என்ற வடமொழி வேரிலிருந்து வந்த சொல். இணைப்பது என்று பொருள். யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி யோகத்துக்குச் சொன்ன எட்டு உறுப்புகளில் ஆசனம் மூன்றாவது. நம் திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் (பகுதியில்) அந்த எட்டையும் தமிழில் பாடி வைத்திருக்கிறார். உடம்பும் மூச்சும் மனசும் ஒரே இடத்தில் இருக்கப் பழகுவது என்று வைத்துக்கொள்.

குனிந்தால் கை முழங்காலைத் தாண்டவில்லை. எனக்கெல்லாம் வருமா? (41 வயது, தேவகோட்டை)

வரும் தம்பி. கை எங்கே போகிறது என்று பார்க்காதீர்கள், மூச்சு எப்படிப் போகிறது என்று பாருங்கள். அது தடையில்லாமல் ஓடினால் அந்த ஆசனம் உங்களுக்குச் சரி. மூச்சு முட்டினாலோ பல்லைக் கடித்தாலோ கொஞ்சம் பின்வாங்குங்கள்.

இப்போதே ஒன்று செய்து பாருங்கள். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக இரண்டு விரல் வைத்து நாடியைப் பிடியுங்கள். நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். விடும்போது துடிப்பு சற்றே நிதானப்படும். பலருக்கு நாலைந்து மூச்சிலேயே விரலுக்குத் தெரிந்துவிடும். மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பின் வேலை அது. படபடப்பு, தூக்கமில்லை என்று வருகிறவர்களுக்கு முதல் வாரம் இதை மட்டும்தான் கொடுப்பேன்.

எங்கள் அப்பத்தாவுக்கு 70 வயது. முழங்கால் வலி, பிரஷர் மாத்திரை வேறு. (பள்ளத்தூர்)

தரையில் உட்கார வைக்க வேண்டாம். முதுகு நிமிர்ந்து இருக்கும் நாற்காலியில் உட்கார்ந்து கையை மேலே தூக்கி இறக்கட்டும், கணுக்காலைச் சுழற்றட்டும், அப்புறம் மேலே சொன்ன மூச்சு. மூச்சை அடக்கவே கூடாது. தலை கீழே வரும் ஆசனங்களும் வேண்டாம்.

மாத்திரையை டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. என் வகுப்பில் ஓர் அம்மா தானாகவே நிறுத்திவிட்டு, ஒருநாள் தலைசுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டும். இப்போது யார் வந்தாலும் மாத்திரை பற்றித்தான் முதல் கேள்வி.

பட்டாலையில் (வீட்டின் உள்கூடத்தில்) செய்தால் பாய் வழுக்குகிறதே? (கானாடுகாத்தான்)

அங்கே தரையில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல் துடைக்கத் துடைக்க வழவழப்பு ஏறும். கோரைப்பாயில் நின்று காலை அகட்டினால் பாயும் காலோடு நழுவும். நின்று செய்யும் ஆசனங்களுக்குப் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, ஈரமில்லாத தரையில் வெறுங்காலோடு நில்லுங்கள். பாய் உட்காரவும் படுக்கவும் போதும்.

எடை குறையுமா?

அதற்கு வேக நடையும் சாப்பாட்டில் கட்டுப்பாடும் வேண்டும். யோகாவை மட்டும் நம்ப வேண்டாம்.

எப்போது, எவ்வளவு நேரம்?

சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். விடியற்காலை வெறும் வயிறு உத்தமம். தினமும் 20 நிமிடம் போதும். அதில் கடைசி 5 நிமிடம் சவாசனம், அதாவது மல்லாந்து அசையாமல் படுத்திருப்பது. நேரமில்லை என்று எல்லோரும் முதலில் விடுவது அதைத்தான், தயவுசெய்து விடாதீர்கள். எழும்போது வலப்பக்கம் திரும்பி, கையை ஊன்றி, மெதுவாக எழுந்திருங்கள்.