டெல்லியில் மத்திய அரசுப் பணியில் சேரும் தமிழர் இந்திப் பயிற்சிக்குச் சென்றே ஆக வேண்டுமா? தேறாவிட்டால் வேலைக்கு ஆபத்தா?

பத்தாம் வகுப்பில் இந்தியை ஒரு பாடமாகப் படித்துத் தேறியவருக்குப் பயிற்சி தேவையில்லை. 1976 ஆம் ஆண்டின் அலுவல் மொழி விதிகள் அவரைப் பணிக்குரிய இந்தி அறிந்தவராகவே கருதுகின்றன. டெல்லியின் ராமகிருஷ்ணபுரத்தில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் பலர் இவ்வகையினர். தமிழ்நாட்டிலிருந்து நேரே வருபவர் பெரும்பாலும் படித்தாக வேண்டும். உள்துறை அமைச்சகத்தின் அலுவல் மொழித் துறை நடத்தும் இப்பயிற்சியில் பிரபோத், பிரவீண், பிராக்யா என மூன்று படிகள் உண்டு. பஞ்சாபியர் நேரே மூன்றாவதிலும், மராத்தியரும் வங்காளியரும் இரண்டாவதிலும் சேர, தமிழர் முதல் படியிலிருந்தே தொடங்க வேண்டும். வகுப்புகள் அலுவலக நேரத்திலேயே நடைபெறுவதோடு, தமக்கு விதிக்கப்பட்ட இறுதித் தேர்வில் தேறுபவருக்கு ஓராண்டுக்கு ஓர் ஊதிய உயர்வுக்குச் சமமான தனி ஊதியமும் கிடைப்பதால், இதைத் தண்டனையாகக் கருதத் தேவையில்லை என்பது என் கருத்து.

வேலை குறித்த அச்சத்துக்கு 1963 ஆம் ஆண்டின் அலுவல் மொழிச் சட்டமே விடை தருகிறது: இந்தி, ஆங்கிலம் ஆகியவற்றுள் ஒன்றில் மட்டும் தேர்ச்சி பெற்ற ஊழியர், இரண்டிலும் தேர்ச்சியில்லை என்ற காரணத்தால் பாதகமான நிலைக்கு ஆளாகக் கூடாது என்று அதன் 3(4) ஆம் பிரிவு கூறுகிறது.